ஒன்று பத்துக்கு நின்ற ராட்டினம்

ஜனவரி 12

அன்பு மருமகள் வாயாடிக்கு மாமா எழுதுவது.

இங்கே நான், உன் அத்தை, என் பதினெட்டு பிரஷ்கள் எல்லோரும் சுகம். அங்கே நீயும் என் அக்காவும் அக்காவின் தோள்பட்டையும் எப்படி? போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பிப்பதற்குள் "சரி மாமா, வெச்சிடட்டுமா" என்கிறாய். கடிதத்தில் என்னை யாரும் பாதியில் வெட்ட முடியாது. இனி நீயும் எனக்குக் கடிதம்தான் போட வேண்டும்.

உனக்குப் புதுப் பூங்காவில் வேலை கிடைத்ததை இந்தத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. சலவைக்கடைக்காரரிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னேன். முதல் தடவை அவர் வாயைச் சரியாகப் பிளக்கவில்லை. எடுத்த எடுப்பில் ராட்டினத்தையே உன் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்றால் சும்மாவா? ஜூன் மாதம் முடிகிறவரை தற்காலிகம், அதுவரை பேரில் ஒரு கறுப்புப் புள்ளி விழாமல் இருந்தால் நிரந்தரம் என்று அக்கா சொன்னாள். விழாது. நீ யார் மருமகள்?

இன்னொரு சங்கதி. அதே கம்பெனியின் பழைய பூங்கா எங்கள் ஊரில் இருக்கிறது அல்லவா? இந்த வருஷம் அதற்கு வண்ணம் அடிக்கிற வேலை எங்கள் கான்ட்ராக்டருக்கு. "ராட்டினத்து உச்சிக்கு உன்னை விட்டா ஆள் ஏது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நூற்றிருபது அடி. இடுப்பில் ஒரு கயிறு, இடது கையில் டப்பா, வலது கையில் நாலங்குல பிரஷ். கீழே நிற்கிற கூட்டம் எறும்பு மாதிரி தெரிகிறது. ஆக, கம்பெனி ஒன்று, பூங்கா இரண்டு, இரண்டிலும் நம் ஆட்கள்.

உன் பூங்கா எப்படி இருக்கிறது என்று விவரமாக எழுது. எது உசத்தி என்று நான் தீர்ப்புச் சொல்கிறேன்.

இப்படிக்கு, உன் மாமா.

கண்ணு, நான் அத்தை. இதில் பாதியைக் கழித்துக்கொண்டு படி. எந்தப் பாதி என்று நீயே பார்த்துக்கொள்.

ஜனவரி 27

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். அம்மாவால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. தையல் கம்பெனியில் மெஷினை விட்டுவிட்டு வந்துவிட்டாள். இனி வீட்டுக்கு என் ஒரு வேலைதான். அதனால் ஜூன் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன் மாமா.

எங்கள் ராட்டினத்தில் இருபத்து நான்கு பெட்டிகள். ஒரு சுற்றுக்கு ஒன்பது நிமிடம். பச்சைப் பொத்தான் சுற்ற, சிவப்பு நிறுத்த. பச்சையைவிடச் சிவப்புக்குத்தான் சட்டம் அதிகம். நடுச்சுற்றில் நிறுத்தினால் உடனே நோட்டில் மணி, காரணம், கையெழுத்து மூன்றும் எழுத வேண்டும். எழுதாமல் நிறுத்தியது தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு. இதையெல்லாம் பார்க்கிற பாதுகாப்பு அதிகாரிக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் திருப்புளி. எதைப் பார்த்தாலும் ஒரு சுற்று இறுக்கிவிட்டுத்தான் நகர்வார்.

என்னுடன் ஓர் அண்ணன் வேலை பார்க்கிறார். அவர் ஒரு மணிக்குச் சாப்பிடப் போனால் ஒன்றரைக்குத்தான் வருவார். அந்த அரை மணி நேரம் ராட்டினமும் நானும் மட்டும். முதல் வாரம் பயமாக இருந்தது. இப்போது இல்லை.

பூங்கா புதுசு, எல்லாம் பளபளவென்று இருக்கிறது. வாசலில் கம்பெனிக் கரடி எல்லோருக்கும் கை கொடுக்கிறது. அதற்குள் இருப்பவர் என்னோடு பஸ்ஸில் வருகிறார், பாவம், எப்போதும் ஜலதோஷம்.

மார்ச்சில் குடும்பத்தாருக்கு என்று அனுமதிச் சீட்டு இரண்டு தருகிறார்கள். நீங்களும் அத்தையும் வந்துவிடுங்கள்.

அன்புடன், உங்கள் வாயாடி.

பிப்ரவரி 16

வாயாடிக்கு, மாமாவின் ஆசீர்வாதங்கள். நாங்கள் இருவரும் குண்டுக்கல் மாதிரி இருக்கிறோம்.

உன் கரடியைப் பற்றிப் படித்தேன். எங்கள் கரடிக்கு ஒரு காது தொங்கும், முழங்காலில் ஒட்டுப் போட்டிருக்கும். ஆனால் குழந்தைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கின்றன. கை கொடுப்பது வேறு, கட்டிக்கொள்வது வேறு. இதைக் குறித்துக்கொண்டேன்.

பெயிண்டர் கண்ணோடு இன்னும் சொல்கிறேன் கேள். இங்கே மரக்குதிரை ஒன்றின் தாடைக்கு அடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சிவப்பு, அதற்குக் கீழே நீலம், அதற்குக் கீழே மஞ்சள் என்று ஒன்பது பூச்சு வந்தது. ஒன்பது வருஷம் ஒன்பது பேர் நின்று அடித்திருக்கிறார்கள். உங்கள் புதுப் பூங்காவில் எல்லாம் மெஷினில் சுட்ட பூச்சு என்கிறார்களே, அதில் பிரஷ் போன தடம் இருக்காது. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாத மனுஷனை எப்படி நம்புவது? இதையும் குறித்துக்கொண்டேன்.

ஏன் குறிக்கிறேன் என்றால், கம்பெனி ஒரு போட்டி வைத்திருக்கிறது. இரண்டு பூங்காவையும் பார்த்தவர்கள் ஒப்பிட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும். ஜெயிக்கிற கடிதத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து இரண்டு பூங்கா வாசலிலும் பலகையில் வைப்பார்களாம். அறிவிப்பைப் படித்ததுமே கான்ட்ராக்டர் என்னைத்தான் பார்த்தார். நான் எட்டாம் வகுப்புதான். ஆனால் என் எட்டு மற்றவர்களின் பன்னிரண்டு.

அதனால் மார்ச் பதினைந்து வருகிறேன். உன் அத்தைக்குப் பஸ் பிரயாணம் ஒத்துக்கொள்ளாது, நான் மட்டும்தான். உன் ராட்டினத்தில் முதல் ஆளாக ஏறுகிறேன். எங்கள் உச்சியும் உங்கள் உச்சியும் எது உயரம் என்று பார்த்துவிடுவோம்.

இப்படிக்கு, மாமா.

மார்ச் 21

அன்பு மருமகளுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். அக்கா கட்டிக்கொடுத்த சாப்பாட்டைப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வாசம் பிடித்தே பாதி தின்றுவிட்டார்.

உங்கள் பூங்காவைச் சும்மா சொல்லக்கூடாது. நுழைவாயில் வளைவு அதே வளைவு, பாட்டும் அதே பாட்டு. ஆனால் இங்கே ஒலிபெருக்கி கரகரவென்று இருமிவிட்டுப் பாடும், அங்கே தொண்டை சுத்தம். கழிப்பறையில் முகம் பார்க்கிற அளவுக்குத் தரை. வரிசையில் நிற்கிறவர்களுக்கு நிழல் போட்டிருக்கிறார்கள், அது பெரிய விஷயம். இங்கே வெயிலில் நின்று ஜனங்கள் கம்பி வேலியைப் பிடித்துப் பிடித்து இடுப்பு உயரத்தில் மட்டும் பெயிண்ட் போய்விடுகிறது. அந்த ஓர் அடி உயரத்தை மட்டும் வருஷம் மூன்று தடவை அடிக்க வேண்டியிருக்கிறது.

ராட்டினத்தில் அன்றைக்கு நேரம் வாய்க்கவில்லை. செருப்பு வார் வேறு அறுந்து தொலைத்தது. அது கிடக்கட்டும்.

போட்டிக்கு ஆறு பக்கம் எழுதி நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன். உன்னைப் பற்றியும் நாலு வரி நன்றாகப் போட்டிருக்கிறேன். ஜூனில் உன் காகிதத்தில் கையெழுத்துப் போடப் போகிற ஆள் கண்ணில் அது பட்டால் போதும், மறுபேச்சு இருக்காது. மாமா இருக்கும்போது உனக்கு என்ன கவலை?

அக்காவைத் தோளுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்.

இப்படிக்கு, மாமா.

ஏப்ரல் 4

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவுக்கு ஒத்தடத்தில் கொஞ்சம் பரவாயில்லை. அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும்.

செருப்பு வாரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சரி மாமா.

என்னைப் பற்றி என்ன எழுதினீர்கள்? நகல் இருந்தால் உடனே அனுப்புங்கள். கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உங்கள் வாயாடி.

ஏப்ரல் 25

என் ராசாத்தி வாயாடிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. உன் மாமா ஜெயித்துவிட்டார். நானூறு கடிதம் வந்ததாம். ஆயிரம் இருக்கும் என்று நினைக்கிறேன், அடக்கமாகச் சொல்கிறார்கள். வாசல் பலகையில் ஆள் உயரத்துக்கு வைத்திருக்கிறார்கள். வேலிக்கு ப்ரைமர் அடித்துக்கொண்டே ஒரு கண்ணால் பார்க்கிறேன், நின்று படிக்காமல் ஒருவர் போவதில்லை. உங்கள் வாசலிலும் இந்நேரம் வைத்திருப்பார்கள்.

நகல் கேட்டாய். ஆறு பக்கத்தில் அவர்கள் அச்சடித்தது உன்னைப் பற்றிய இடத்தைத்தான். அப்படியே எழுதுகிறேன்:

"இரண்டு பூங்காவுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் புதுப் பூங்காவின் ராட்டினத்தில்தான் கண்டேன். பிற்பகல் சரியாக ஒன்று பத்துக்கு என் பெட்டி உச்சியைத் தொட்டது. ராட்டினத்தை ஓட்டிய பெண் என் சொந்த மருமகள். கீழேயிருந்து ஒரு பார்வை பார்த்தாள், ஒரே அமுக்கு, அத்தனை பெரிய ராட்டினம் பூனைக்குட்டி போல் நின்றது. முழுதாகப் பத்து நிமிடம். நான் எழுந்து நின்று நாலு திசையும் ஆற அமரப் பார்த்தேன். பழைய பூங்காவின் ராட்டினம் யாருக்காகவும் நிற்காது. புதுப் பூங்காவில் மனிதருக்கு மரியாதை இருக்கிறது."

எப்படி? சும்மா "மத்தியானம்" என்று எழுதியிருந்தால் யார் நம்புவார்கள்? மணி, நிமிடம் போட்டால்தான் எழுத்துக்கு ஒரு பிடிமானம். கடிகாரத்தைப் பார்த்து மனசில் வைத்திருந்தேன், அதுதான் தூக்கிவிட்டது.

உன் அத்தை படித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது.

இப்படிக்கு, வெற்றிவீரன் மாமா.

மே 9

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இடது கையால் எழுதுவதால் எழுத்து இப்படி இருக்கிறது. நீங்கள் இருவரும் சுகம்தானே.

அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். இன்றோடு எட்டு நாள். உன் கடிதத்தைப் பலகையில் வைத்த அன்றைக்கே அந்த அதிகாரி நோட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார். நீ வந்த தேதியில் ஒன்று பத்துக்கு நிறுத்தியதாக எதுவும் எழுதவில்லை. அந்த நேரம் அவள் தனியாக இருந்திருக்கிறாள். நிறுத்தியது ஒரு தப்பு, எழுதாமல் மறைத்தது பெரிய தப்பு, பெட்டியில் ஆளை எழுந்து நிற்கவிட்டது அதைவிடப் பெரியது என்கிறார்கள். கேமராவில் ஒரு மாசத்துக்கு மேல் எதுவும் இருக்காதாம். ஜூன் இருபதாம் தேதி விசாரணை. அதில் தீர்ந்தால் வேலை, தீராவிட்டால் இல்லை.

"நான் நிறுத்தலை" என்று ஒரு வார்த்தைதான் சொல்லியிருக்கிறாள். அப்புறம் மாமா ஏன் அப்படி எழுதினார் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாளாம். என்னிடமும் பேசுவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாள், சாப்பிடுகிறாள், போகிறாள்.

நீ என்ன பண்ணினாய் என்று எனக்குப் புரியவில்லை.

அக்கா.

மே 16

அக்காவுக்கும் மருமகளுக்கும்,

சுகம் கேட்கக்கூட நேரமில்லை. அக்காவின் கடிதம் வந்த அன்றே நான் காரியத்தில் இறங்கிவிட்டேன். கவலையை விடுங்கள்.

கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். மருமகள் நிறுத்தவில்லை, பெருங்காற்று ஒன்று வீசியது, அந்த வேகத்தில் ராட்டினம் தானாக நின்றுவிட்டது, அவள் பயப்படாமல் என்னைப் பார்த்துக் கையசைத்துத் தைரியம் சொன்னாள், அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன் என்று எழுதினேன். காற்றின் மீது யார் விசாரணை வைக்க முடியும்? இப்படி ஒரு யோசனை வக்கீலுக்குக்கூட வராது.

மருமகளே, இரண்டு வரி எழுது. மாமா மேல் கோபமா?

மாமா.

மே 23

வாயாடிக்கு,

தபால்காரர் இரண்டு நாளாக என்னைப் பார்த்தாலே சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். உன் கடிதம் ஒன்றும் வரவில்லை. அத்தையும் என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள். வேறு விசேஷம் இல்லை. வேலி முடிந்து இப்போது பெஞ்சுகளுக்கு வார்னிஷ். எழுது.

மாமா.

ஜூன் 2

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தை நலமா? அம்மா அப்படியேதான் இருக்கிறாள்.

உங்கள் இரண்டாவது கடிதம் வந்ததும் ராட்டினத்தை மூன்று நாள் மூடிவிட்டார்கள். காற்றுக்குத் தானாக நிற்கிறது என்றால் கோளாறு என்று ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் இல்லை. திருப்புளி என்னைக் கூப்பிட்டு, "உங்க மாமா சொல்றதுல எது நிஜம்னு நீயாவது சொல்லும்மா" என்றார். நான் சொல்லவில்லை.

அன்றைக்கு நீங்கள் வரிசையில் வந்தீர்கள். உங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் ஏறியது. அடுத்த பெட்டிக்கு நான் கதவைத் திறந்து பிடித்தேன். நீங்கள் ஒரு காலை எடுத்து வைத்தீர்கள். கம்பியை எவ்வளவு இறுக்கிப் பிடித்தீர்கள் என்று நான் பார்த்தேன். "செருப்பு அறுந்துபோச்சும்மா, இதோ வரேன்" என்று திரும்பிப் போனீர்கள். செருப்பு அறுந்திருக்கவில்லை. அப்புறம் நீங்கள் வரவே இல்லை.

"அவர் ஏறவே இல்லை" என்று விசாரணையில் ஒரு வரி சொன்னால் என் பிரச்சனை தீர்ந்துவிடும், தெரியும். ஆனால் உடனே "ஏன் ஏறலை?" என்று கேட்பார்கள். பெயிண்டருக்கு உயரம் ஆகாது என்று நான் சொல்லி, அது உங்கள் கான்ட்ராக்டர் காதுக்குப் போனால்? வாயாடி என்று எனக்குப் பெயர் வைத்தது நீங்கள்தான் மாமா. அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

உங்களிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கம்பெனிக்கு இனிமேல் கதை எழுதாதீர்கள், அது போதும்.

உங்கள் மருமகள்.

ஜூன் 8

(பாதுகாப்பு அதிகாரிக்கு அனுப்பியதன் நகல். மருமகளுக்கு.)

ஐயா,

வணக்கம். நான் பழைய பூங்காவில் பெயிண்ட் வேலை செய்கிறவன். போட்டியில் ஜெயித்த கடிதத்தை எழுதியவன். காற்றுக் கடிதத்தை எழுதியவனும் நானே. இரண்டும் பொய்.

மார்ச் பதினைந்தாம் தேதி நான் உங்கள் ராட்டினத்தில் ஏறவில்லை. கதவு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். எனக்கு உயரம் என்றால் பயம். இரண்டு வருஷத்துக்கு முன் வேலை செய்யும்போது மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தேன். அன்றிலிருந்து என்னால் மேலே ஏற முடியாது. பழைய பூங்காவில் நான் ராட்டினத்து உச்சிக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. வரிசை வேலிக்கும் பெஞ்சுக்கும் அடிக்கிறேன். இதை என் சொந்தக்காரர்களிடம் மறைத்து வைத்திருந்தேன்.

பன்னிரண்டரை மணியிலிருந்து இரண்டு மணி வரை ராட்டினத்துக்கு எதிரில் ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வண்டிக்கார அம்மா தண்ணீர் கொடுத்தார்கள். அவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். ஒன்று பத்தைக் காட்டியது அவர்கள் தலைக்கு மேல் இருந்த கடிகாரம். என் மருமகள் முகத்தைப் பார்க்க முடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுச்சுற்றில் ராட்டினம் நின்றால் அதில் ஓடுகிற பாட்டும் நிற்கும் என்று வரிசையில் ஒருவர் சொன்னார். நான் இருந்த வரைக்கும் பாட்டு நிற்கவில்லை.

அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை. அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று எழுதினேன். பலகையிலிருந்து என் கடிதத்தை எடுத்துவிடுங்கள். நேரில் வரச் சொன்னால் வருகிறேன்.

இப்படிக்கு, உண்மையுள்ள.

ஜூலை 3

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நிரந்தரக் காகிதம் நேற்று கைக்கு வந்தது. திங்கட்கிழமையிலிருந்து ராட்டினத்துக்குத் திரும்பிவிட்டேன்.

விசாரணையில் உங்கள் கடிதத்தைத் திருப்புளி சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, இரண்டு தடவை பொய் எழுதினவர் மூன்றாவது தடவை மட்டும் உண்மை எழுதுவார் என்று எப்படி நம்புவது என்று கேட்டார். ஐஸ்கிரீம் வண்டி அக்காவைக் கூப்பிட்டார்கள். மூன்று மாசத்துக்கு முன் உட்கார்ந்துவிட்டுப் போன ஆளை அவருக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது என்று நினைத்தேன்.

அவர் கேள்வியை முடிக்கவே விடவில்லை. "பெயிண்டர்தானே? அவர மறக்க முடியுமா சார்? ஏழு ராட்டினத்து உச்சியில பெயிண்ட் அடிச்ச கதைய ஒண்ணு விடாம சொன்னாரே. ஒன்றரை மணி நேரம் எந்திரிக்கல. ராட்டினத்துப் பக்கம் தலையத் தூக்கி ஒரு தடவைகூடப் பாக்கல" என்றார்.

"நீங்க நம்புனீங்களா?" என்று கேட்டார் திருப்புளி.

"யாரு சார் நம்புனா? வியாபாரம் இல்லாத நேரம், கேக்க நல்லா இருந்துச்சு."

மாமா, அந்த அறையில் அதுவரை யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் திருப்புளியின் பல்லையே நான் முதல் தடவையாகப் பார்த்தேன். பிறகு என் பக்கம் திரும்பி, கடிதத்தில் இருப்பது உண்மையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதல் கடிதத்தை எடுத்துவிட்டு அதே பலகையில், அதே அளவு எழுத்தில், இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறார்கள். இரண்டு பூங்காவிலும். வேண்டாம் என்று கேட்டேன், பொய்யைப் படித்தவர்கள் உண்மையையும் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் தினமும் அந்த வாசலில் நுழைகிறேன்.

அம்மாதான் ஆறவில்லை. மூன்றாவது மாடியிலிருந்து தம்பி விழுந்திருக்கிறான், ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று உட்கார்ந்து அழுகிறாள். எங்கெல்லாம் அடிபட்டது, எந்த ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள் என்று கேட்டு எழுதச் சொன்னாள். அத்தை எப்படித் தனியாகச் சமாளித்தார்கள்?

அன்புடன், வாயாடி.

ஜூலை 14

அக்காவுக்கும் மருமகள் வாயாடிக்கும்,

காகிதம் வந்த செய்தி படித்து வயிறு குளிர்ந்தது. இந்தத் தடவை தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. சலவைக்கடைக்காரரே பலகையைப் படித்துவிட்டு வந்து, மருமகளுக்கு வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம், ஒரு சட்டையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்கா, அழாதே. நேற்று மாலை கான்ட்ராக்டர் வீட்டுக்கு வந்தார். வேலையை விட்டு நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, வாயாடியின் அத்தை கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "பலகைல படிச்சேன்யா. மூணாவது மாடின்னு போட்டிருக்கியே, அது எந்தக் கட்டடம்?" என்றார்.

அவள் கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். அவளுக்கும் நான் மூன்றாவது மாடி, மணல் குவியலில் விழுந்ததால் தப்பித்தேன் என்றுதான் சொல்லியிருந்தேன்.

அக்கா, மாடியே இல்லை. ஒரு வீட்டின் உள்ளறை. கூரைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தேன். ஆறு படி ஏணி. ஐந்தாவது படியில் நின்று மூலையை எட்டப் பார்த்தேன், ஏணி சாய்ந்துவிட்டது. தரையில் விரித்திருந்த பழைய பேப்பர் மேல் விழுந்தேன். எலும்பு முறியவில்லை. சிராய்ப்புகூட இல்லை. டப்பா கவிழ்ந்து தலை முழுக்க வெள்ளை. கான்ட்ராக்டர் பக்கத்தில் நின்று சிரித்தார், நானும் சிரித்தேன், மிச்ச மூலையை அவரே அடித்தார். மறுநாள் காலையில் அதே ஏணியில் கால் வைத்தேன். இரண்டாவது படிக்கு மேல் கால் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தவன் பயந்தால் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். ஆறு படி ஏணிக்கு என்ன சொல்வார்கள்? அதனால்தான் கம்பெனிக்கு எழுதும்போதுகூட, மற்ற எல்லாவற்றையும் உள்ளபடி எழுதிக்கொண்டு வந்த கை அந்த ஒரு வரியில் மட்டும் தானாக மாடி ஏறிவிட்டது.

கான்ட்ராக்டர் எழுந்திருக்கும்போது, "உனக்கு ஏணி ஆகலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். இத்தனை நாளா வேலியும் பெஞ்சும் உனக்கே வந்துச்சே, தானா வந்துச்சுன்னா நெனச்சே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

திருப்புளிக்கு இன்று காலை ஒரு திருத்தம் அனுப்பிவிட்டேன். ஆறு படி ஏணி, ஐந்தாவது படி, காயம் ஏதும் இல்லை என்று மூன்று வரி. கீழே கான்ட்ராக்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதையும் பலகையில் வைக்கட்டும்.

வாயாடி, உன் அத்தை நேற்றிலிருந்து என்னோடு பேசுகிறாள். பேச ஆரம்பிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் சிரித்தாள்.

அக்காவும் சிரிப்பாள். சிரிக்கட்டும். எவ்வளவு நேரம் சிரித்தாள் என்று உள்ளபடி எழுது வாயாடி, கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

உங்கள் இருவரையும் நினைத்துக்கொண்டு,
மாமா.